முப்பத்தொன்றாவது பொருள்

எதையோ விட்டுவிட்டு வந்திருக்கிறேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து இதே நினைப்பு. கேஸை அணைத்தேன், அது நிச்சயம், அணைத்த பிறகும் ஒருமுறை போய்த் திருகிப் பார்த்தேன். வண்டிச் சாவி பையில் இருக்கிறது. கண்ணாடி மூக்கின் மேல் இருக்கிறது. பின் எது? மன்றக் கூடத்தின் மின்விசிறி சுற்றுகிறதே தவிர காற்று கீழே வரக் காணோம். மேடையில் சேர்மன் கிட்டுசாமி வெள்ளைத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இடப்பக்கம் ஆணையர் ஜோயல், அவரை அடுத்து நான், நகராட்சி வருவாய் அலுவலர் ரேணுகாதேவி, கையில் இன்றைய கூட்டப் பொருள்களின் தாள் கற்றை. இதைப் படிக்க வேண்டியவர் மன்றப் பிரிவு கிளார்க் அங்கமுத்து. மகளுக்கு வளைகாப்பு என்று லீவு போட்டுவிட்டார், அதனால் நான் படிக்கிறேன். படிப்பது என்றால் என்ன, பொருள் எண்ணையும் தலைப்பையும் சொன்னால் போதும், மேலே போகத் தேவையில்லை. "பொருள் எண் பதினாறு, வாரச்சந்தை கழிப்பறை பழுது நீக்கம்" என்றேன். "ஆல் பாஸ்" என்றார்கள். கவுன்சிலர்கள் யாரும் தாளைப் பார்க்கவில்லை, பாதிப் பேர் செல்போனில் இருக்கிறார்கள், இருந்தாலும் குரல் மட்டும் நேரத்துக்குச் சரியாக வருகிறது. கோயிலில் அர்ச்சகர் நிறுத்துகிற இடத்தில் எல்லோரும் போற்றி போடுவார்களே, அது மாதிரி. பதினேழு, ஆல் பாஸ். இப்படியே போனால் முப்பத்தொன்றும் வரும். முப்பத்தொன்றுதான் என்னுடையது. வறட்சிக் காலக் கூடுதல் குடிநீர்க் கட்டணம். அதை எழுதியது நான், அளவுகளைப் போட்டது நான், அதை எங்கே வைத்தால் யார் கண்ணிலும் படாது என்று இடம் பார்த்து வைத்ததும் நான்தான்.

அந்த இடம் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. முப்பதாவது பொருள் தெருவிளக்கு பல்பு வாங்குவது, முப்பத்திரண்டாவது தெருநாய்க்குக் கருத்தடை. நடுவில் இதை நுழைத்தேன். பல்புக்கு யாரும் பேச மாட்டார்கள், நாய்க்கு எல்லோரும் பேசுவார்கள், நாயைப் பற்றி என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தாண்டிப் போய்விடும். சேர்மனே கேட்டுக்கொண்டதுதான். "அம்மணி, தண்ணிக்கு வரின்னு வெளிய தெரிஞ்சா என்னைய ஊருக்குள்ள நடமாட உட மாட்டாங்க, நீங்க பாத்துப் பதனமா பண்ணிருங்க" என்றார். பதனமாகத்தான் பண்ணினேன். அணையில் சேறு தெரிகிறது, ஆற்றுக் கிணறுகளில் மோட்டார் காற்றை இழுக்கிறது, கிழக்கே ஆறு வார்டுக்குப் பைப்பில் தண்ணீர் ஏறியே மாதக்கணக்காகிறது. அங்கே லாரி அனுப்ப வேண்டும், லாரிக்குப் பணம் வேண்டும், பணத்தை எங்கே எடுப்பது? அதிகமாகச் செலவழிக்கிறவனிடம் எடு. இதில் என்ன தப்பு? வீட்டுக்கு மாதம் பதினைந்தாயிரம் லிட்டர் வரை பழைய கட்டணம். தாண்டினால் ஒன்றரை மடங்கு. முப்பதாயிரத்தைத் தாண்டினால் மூன்று மடங்கு, இரண்டு மாதம் விடாமல் தாண்டினால் குழாயைப் பிடுங்கிவிடுவது. மீட்டர் போட்டு மூன்று வருஷமாகிறது, ஒரு பிரயோஜனமும் இல்லாமல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த மீட்டருக்கு இப்போதுதான் வேலை வருகிறது. "நூத்துக்கு எட்டு இணைப்புதான் சார், பாதித் தண்ணிய அவங்களே குடிக்கறாங்க" என்று நான் சொன்னபோது ஆணையர் நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயசுக்காரர், பரீட்சை எழுதி வந்தவர், நான் எழுதுகிற கடிதத்தில் ஒற்றெழுத்து விட்டிருந்தால் சிவப்பு மையில் போட்டுத் திருப்பி அனுப்புகிறவர். அவரே "வெரிகுட் மேடம்" என்றார். அந்த எட்டுப் பேர் யார் என்று என் கண்ணில் ஒரு படம் இருந்தது. காருக்குத் தினமும் ஷாம்பு போடுகிறவன், புல் தரைக்குப் பைப் வைத்துப் பீய்ச்சுகிறவன், மண்டபத்துக்காரன், லாட்ஜுக்காரன். மாட்டினியா மவனே என்று ராத்திரி தூக்கத்தில்கூடச் சிரித்திருப்பேன். வேலைக்குச் சேர்ந்த நாளாகப் பெரிய மனுஷன் ஒருத்தனும் என்னிடம் மாட்டியதில்லை, எல்லாம் பெட்டிக்கடைக்காரனும் தள்ளுவண்டிக்காரனும்தான், அதனால் அந்தச் சந்தோஷத்தை நான் நன்றாகவே அனுபவித்தேன்.

பத்தொன்பது. ஆல் பாஸ். மோட்டார்! மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்காமல் வந்துவிட்டேனோ? மேல் தொட்டி நிரம்பி, தண்ணீர் சுவரோரம் வழிந்து, வாசலைத் தாண்டி, தெருவில் ஓடிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டுக்காரி போட்டோ எடுத்திருப்பாள். தண்ணி இல்லைங்கற ஆபீசர் வீட்டுல பாருங்க கொள்ளைய என்று நாலு குரூப்பில் போட்டிருப்பாள். மேசைக்கு அடியில் போனை வைத்து அவருக்கு, என் வீட்டுக்காரர் தங்கமுத்துவுக்கு, மோட்டார் ஓடுதா என்று தட்டினேன். அவர் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருப்பார். இருபது. ஆல் பாஸ். பதில் வரக் காணோம். என் நாக்கு உலர்ந்து போயிருக்கிறது, முன்னால் தண்ணீர் பாட்டில் இருக்கிறது, எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு பாட்டில், எடுத்துக் குடிக்கக் கூச்சமாக இருக்கிறது. போன வாரம் கிழக்கு வார்டுப் பெண்கள் இந்த வாசலில்தான் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீங்க குளிச்சுட்டு வந்திருக்கீங்கல்ல மேடம், வாசம் வருது" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை, வெறுமனே சொன்னாள். அன்று முழுக்க என் மேலிருந்த சோப்பு வாசம் எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. போன் அதிர்ந்தது. "ஆஃப்லதான் இருக்குது. நீ காலைலயே நிறுத்திட்டுத்தான போன." அப்பாடா. மோட்டார் இல்லை. அப்புறம் ஏன் அந்த நினைப்பு இன்னும் போகவில்லை? மோட்டார் இல்லையென்றால் வேறு எதுவோ. காலையில் நடந்ததை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன். எழுந்தேன், காபி, குளியல், தோசை, கேஸ், பூட்டு, வண்டி. வண்டியை எடுக்க முடியவில்லை. ஆமாம், அங்கேதான் நின்றேன். சந்தில் டிரம் வைத்திருந்தார்கள். நீல டிரம்கள், வரிசையாக, பின்னால் எங்கள் லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுடையவை. ஹாரன் அடித்தேன். மூன்றாவது வீட்டு ஜோதிலட்சுமி ஓடி வந்து, "இருங்கக்கா, இதா நகத்தறேன், இன்னைக்கி எங்க மொறைங்க்கா" என்று பாதி நிரம்பிய டிரம்மை உருட்ட முடியாமல் சாய்த்துச் சாய்த்து நகர்த்தினாள். எனக்கு நேரமாகிறது என்று கோபம். அவ்வளவுதானே? ஒரு டிரம்மை நகர்த்தியதில் எனக்கு என்ன வந்தது?

இருபத்திரண்டு, நூலகக் கட்டட வெள்ளையடிப்பு. ஆல் பாஸ். இன்னைக்கி எங்க மொறை. அந்த வார்த்தையில்தான் ஏதோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, சேலை ஆணியில் மாட்டின மாதிரி, நகர்ந்தால் இழுக்கிறது. முறை எதற்கு? எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய், அதனால் முறை. எங்கள் மாமனார் கட்டிய லைன் அது, எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஓர் அறையும் அடுப்படியுமாக எட்டு வீடு, கடைசியில் பொதுக் கக்கூஸ், சந்து முனையில் ஒரு குழாய். ஒரு குழாய் என்றால் ஒரு மீட்டர். ஒரு மீட்டர் என்றால் ஓர் இணைப்பு. ஓர் இணைப்பு. ஐயோ. ஐயோ, ஐயோ. ஓர் இணைப்பு என்றால் என் முப்பத்தொன்றாவது பொருளில் ஒரு வீடு. எட்டுக் குடும்பம் சேர்ந்து பிடிக்கிற தண்ணீரை ஒரு குடும்பம் பிடித்ததாக எழுதி வைத்திருக்கிறேன். குடும்பத்துக்கு ஐயாயிரம் லிட்டர் என்று வைத்தாலும் நாற்பதாயிரம். மூன்று மடங்கு. இரண்டு மாதத்தில் குழாய் போய்விடும். அந்த நூற்றுக்கு எட்டு, அவ்வளவு தண்ணீரையும் குடிக்கிறார்கள் என்று நான் காட்டிக்கொடுத்த அந்த எட்டு, காருக்கு ஷாம்பு போடுகிறவன் இல்லை. லைன் வீடுகள். இந்த ஊரில் தறிக்கும் பனியனுக்கும் வந்தவர்கள் பாதிப் பேர் லைனில்தான் இருக்கிறார்கள், சந்துக்குச் சந்து லைன், நானே ஒரு லைனுக்கு வீட்டுக்காரி, வாடகை வாங்கும்போது எட்டு வீடு என்று எண்ணி வாங்குகிறவள், ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் அதை ஒன்று என்று பார்த்திருக்கிறேன். எப்படி இது என் மண்டையில் ஏறாமல் போனது? கட்டணம் போடும்போது எனக்கு லாட்ஜ் முகம்தான் தெரிந்தது. அதிலும் வேடிக்கை, எங்கள் வீட்டில் நானும் அவரும் மகளும் மூன்றே பேர், மாதம் இருபதாயிரம் லிட்டர் போகிறது, எனக்கு ஒன்றரை மடங்கோடு விட்டுவிடும். வெட்கமாக இருக்கிறது. யாராவது முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறேன்.

இருபத்து நான்கு. குரல் பிசிறுகிறது. ஆல் பாஸ். நிறுத்த வேண்டும், ஆனால் எப்படி? நான் உறுப்பினர் இல்லை, அலுவலர். கேட்டால் பேசலாம், கேட்காவிட்டால் எண்ணைப் படிக்கலாம். ஆணையர் பக்கம் சாய்ந்து, "சார், முப்பத்தொண்ணுல ஒரு தப்பு இருக்குங் சார்" என்றேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் ஒருவர்தான் இந்தக் கூடத்தில் வரி வரியாகப் படித்துக்கொண்டு வருகிறவர். "ஸ்பெல்லிங்கா?" என்றார். "இல்ல சார், லைன் வீடு. ஒரு கனெக்‌ஷன்ல எட்டுக் குடும்பம், பத்துக் குடும்பம் இருக்குது. நம்ம அதை ஒரு வீடுன்னு போட்டுட்டோம். அத்தனை பேரும் மூணு மடங்குல வந்துருவாங்க." அவர் பேனா நின்றது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "இப்ப சொல்றீங்களே மேடம்" என்றார் மெதுவாக. "ஒத்தி வெச்சுரலாமா சார்?" "லாரிக்காரர் நாளைக்குக் காலையில அட்வான்ஸ் இல்லாம வண்டி எடுக்க மாட்டார். தீர்மானம் இல்லாம நான் செக் போட முடியாது. கிழக்கு வார்டுக்கு என்ன பதில் சொல்றது?" இருபத்தைந்து என்று நான் படிக்க வேண்டியிருந்தது, படித்தேன், ஆல் பாஸ் என்றார்கள். "அடுத்த கூட்டத்துல திருத்தம் கொண்டு வாங்க" என்றார். நிறைவேறின தீர்மானத்தை மூன்று மாதத்துக்கு லேசில் தொட முடியாது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று மாதம் என்றால் கோடை முழுக்க. அதற்குள் பிளம்பர் குறடை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகப் போய் வந்துவிடுவான். அவர் என்னைப் பார்க்காமல் தண்ணீரைக் குடித்தார். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. தப்பைப் பண்ணினவள் நான், கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் நான்.

அப்படியென்றால் கவுன்சிலர் யாராவது எழுந்து கேட்டால்? ஒருத்தர், ஒரே ஒருத்தர், "இதென்னங்க" என்று ஆரம்பித்தால் போதும், நான் விளக்கம் சொல்கிற சாக்கில் சொல்லிவிடுவேன். மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் பத்தொன்பதாவது வார்டு சென்னியப்பன் இருக்கிறார். நல்ல மனுஷர், மகள் கல்யாணத்துக்கு என்னை வீடு தேடி வந்து அழைத்தவர், எதற்கும் முதல் ஆளாக எழுந்து கத்துகிறவர். தாளை முகத்துக்கு மறைத்துக்கொண்டு, "அண்ணா, முப்பத்தொண்ணு லைன் வீட்டுக்கு ரொம்ப அடிக்குதுங்ணா. நீங்க சித்த எந்திரிச்சு ஒரு கேள்வி கேளுங்க" என்றேன். "என்ன அம்மணி?" என்று காதைக் கொடுத்தார். சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கெட்ட சிரிப்பு இல்லை, என்னைத் தேற்றுகிற சிரிப்பு. "அடப் போங்கம்மணி, இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு. அது எனக்குத் தெரியாதுங்களா? எனக்கே மூணு லைன் இருக்குதுங்கொ. எவ்வளவு வந்தாலும் அதை நாங்க வாடகையோட சேத்தி வாங்கிக்குவோம். நமக்கொண்ணும் சேதமில்லீங்க." நமக்கு. "குழாயப் புடுங்கிட்டா?" "புடுங்கிட்டா அவுங்க வேற பக்கம் பாத்துக்குவாங்க. வர்றதுக்கு ஆளா இல்ல? உங்க வூட்டுக்காரரக் கேட்டுப் பாருங்க, அவரும் இதையேதான் சொல்லுவாப்ல." அவரைக் கேட்க வேண்டியதே இல்லை. போன மாதம் கரண்ட் பில் ஏறியபோது அவர் எட்டால் வகுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் ரசம் ஊற்றினேன். ஜோதிலட்சுமி மட்டும் "ஏங்க்கா இவ்வளவு?" என்று என்னிடம் கேட்டாள். "கவர்மென்ட்டு ஏத்திருச்சு, நாங்க என்ன பண்றது" என்றேன். கவர்மென்ட்டு. இப்போது அந்தக் கவர்மென்ட்டு நான்தான், உலர்ந்த நாக்கோடு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஆக, இந்தக் கூடத்தில் தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் அது அவர்களுக்குத் தப்பாகப் படவில்லை.

இருபத்தெட்டு. இவ்வளவு வேகமாகப் போகிறதே, மெதுவாகப் படிக்கலாமா என்றால் சேர்மன் கையைச் சுழற்றிச் சீக்கிரம் சீக்கிரம் என்கிறார், அவருக்கு ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டும். மயக்கம் போட்டு விழுந்தால் என்ன? விழுந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வேறொருத்தர் எண்ணைப் படிப்பார், அவ்வளவுதான் நடக்கும். முப்பத்தொன்றைப் படிக்காமல் தாண்டிவிட்டால்? யாரும் கவனிக்க மாட்டார்கள், முப்பதுக்கு அப்புறம் நாய் வந்தாலும் ஆல் பாஸ்தான். ஆனால் அப்போது லாரி நிற்கும். கவிழ்த்த குடத்தின் மேல் உட்கார்ந்திருந்தவளுக்கு நாளைக்குத் தண்ணீர் இல்லை. இந்தச் சந்துக்காரிக்கா, அந்தக் கிழக்கு வார்டுக்காரிக்கா என்று நான் யார் பங்கு பிரிக்க? எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டால்? சொல்லலாம். தப்பு என்னுதுங்க என்று சொல்லலாம். சென்னியப்பன் சிரித்த மாதிரி எல்லோரும் சிரிப்பார்கள், உட்காருங்க மேடம், தண்ணி குடிங்க என்பார்கள், அதன் பிறகு ஆல் பாஸ். சொன்னதால் என் மனசு ஆறும், குழாய்க்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இருபத்தொன்பது. இவர்கள் கேட்பதே இல்லை. நான் என்ன படித்தாலும் இவர்கள் கேட்கப் போவதில்லை. இதையே நம்பித்தானே நான் பல்புக்கும் நாய்க்கும் நடுவில் வைத்தேன்? என்ன படித்தாலும். கட்டைவிரல் பட்ட இடத்தில் தாள் ஈரமாகிவிட்டது. இருபத்தாறு வருஷ சர்வீஸ். மெமோ வரும். மெமோவா, சஸ்பென்ஷனே வரும், படித்தது வேறு அச்சடித்தது வேறு என்றால் அதற்குப் பெயர் மோசடி. மகள் காலேஜில் இரண்டாவது வருஷம். பயமாக இருக்கிறது, நிஜமாகவே பயமாக இருக்கிறது. பேசாமல் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம், மாதம் முடிந்து பில் வரும்போது அவர் எட்டால் வகுத்துக்கொள்வார், நான் ரசம் ஊற்றுவேன். "பொருள் எண் முப்பது, தெருவிளக்கு பல்புகள் கொள்முதல்." ஆல் பாஸ்.

"பொருள் எண் முப்பத்தொன்று" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை, நிதானமாக இருந்தது. "வறட்சிக் காலக் கூடுதல் குடிநீர்க் கட்டணம். ஓர் இணைப்பில் எத்தனை குடும்பங்கள் உள்ளனவோ, அத்தனையாக அளவை வகுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே கணக்கிடுவது. பல குடும்பங்கள் உள்ள இணைப்புகளைத் துண்டிப்பதில்லை. வீட்டு உரிமையாளர் இக்கட்டணத்துக்கு மேல் குடியிருப்போரிடம் வாங்குவதில்லை." கடைசி வரியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை, அது தானாக வந்தது. நீளமாகிவிட்டது. தலைப்பு இவ்வளவு நீளமாக இருக்காது என்று அவர்கள் காதுக்குப் பழக்கம். இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன. சென்னியப்பனின் விரல் செல்போன் மேல் அப்படியே நின்றது, நெற்றி சுருங்கியது, உரிமையாளர் என்ற வார்த்தை எங்கேயோ போய்த் தட்டியிருக்க வேண்டும். சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து யாரோ "ஆல் பாஸ்" என்று ஆரம்பித்தார்கள், வலப்பக்கம் வாங்கிக்கொண்டது, இடப்பக்கம் வாங்கிக்கொண்டது, சென்னியப்பனின் வாயும் திறந்து "ஆல் பாஸ்" என்றது, சொன்ன பிறகுதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் சேர்மன் மேசையைத் தட்டிவிட்டார். "அடுத்து நாய் தானுங்க? அதுக்கு முந்தி எல்லாருக்கும் ஒரு டீயக் குடுத்துருங்கப்பா, நாய்க்கு நேரமாகும்" என்றார். நாற்காலிகள் நகர்ந்தன.

ஆணையர் எழுந்திருக்கவில்லை. அவர் முன்னால் அச்சடித்த தாள் இருந்தது, அதில் முப்பத்தொன்றின் மேல் பேனா நின்றிருந்தது. ஒற்றெழுத்தை விடாத மனிதர், மூன்று முழு வாக்கியத்தையா விடுவார். "மேடம், நீங்க படிச்சது இதுல இல்லையே" என்றார். "இல்லைங் சார்." "தெரிஞ்சுதான் படிச்சீங்களா?" "ஆமாங் சார்." டீ வந்தது, அவர் வாங்கி மேசையில் வைத்தார், குடிக்கவில்லை. "மினிட்ஸ் யார் எழுதப் போறது?" "அங்கமுத்து லீவுங் சார். நான்தான்." "அதுல கையெழுத்துப் போடறது நான்." "ஆமாங் சார்." மன்னிப்புக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கோபத்தில் இருக்கிறாரா, பயந்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் மாதிரி அவரும் பயந்திருக்கலாம், அவருக்கும் சர்வீஸ் இருக்கிறது, அவருக்கு இன்னும் நிறைய இருக்கிறது. "நாளைக்கே ஒருத்தர் கேட்பார்" என்றார் கடைசியில். "எந்த இணைப்புல எத்தனை குடும்பம்னு நகராட்சிக்கு எப்படித் தெரியும்னு கேட்பார். நம்மகிட்ட என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லை. குடும்பத்தை யார் எண்ணுவாங்க?" "நான் எண்ணறேன் சார்." "ஊர் முழுக்கவா? இந்த வெயில்லயா?" "லைன் லைனா நடந்து எண்ணறேன் சார். என் செக்‌ஷன் ஆளுங்களக் கூட்டிக்கறேன்." அவர் யோசித்தார். "கட்டணம் பாஸாயிருச்சு, லாரிக்குச் செக் போட்டுடறேன். பில் போடறதுக்குள்ள எண்ணிக்கை என் மேசைக்கு வரட்டும், மினிட்ஸ்ல கையெழுத்துப் போடறேன். வரலைன்னா அச்சடிச்சதுதான் தீர்மானம். அதுக்கு மேல என்னால முடியாது மேடம்." அவ்வளவு சொன்னாரே, அதுவே எனக்குப் பெரிது. "சரிங் சார்" என்றேன். "எங்கிருந்து ஆரம்பிப்பீங்க?" "எங்க வீட்டுப் பின்னாடியே ஒரு லைன் இருக்குதுங் சார். எங்களோடதுதான். அங்கிருந்தே ஆரம்பிக்கறேன்." "உங்களுக்கே இருக்கா?" என்று என்னைப் புதிதாகப் பார்த்தார். "நல்லதாப் போச்சு, ஒரு லைனை இப்பவே எழுதிரலாம்" என்று தாளின் ஓரத்தில் பேனாவை வைத்தார். "எத்தனை குடும்பம்?" "எட்டு." "மொத்தம் எத்தனை பேர்?" வாயைத் திறந்தேன். முதல் வீட்டு வாடகை தெரியும், எட்டாவது வீட்டு அட்வான்ஸ் தெரியும், யார் எந்தத் தேதியில் கொடுப்பார்கள், யாரிடம் இரண்டு தரம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். ஜோதிலட்சுமிக்கு எத்தனை பிள்ளைகள்? ஒன்று பள்ளிக்கூடப் பையோடு போகும், இடுப்பில் ஒன்று இருக்கும், அது அவளுடையதா, பக்கத்து வீட்டினுடையதா? ஏழாவது வீட்டில் ராத்திரி ஷிஃப்ட்டுக்கு யார் யாரோ போகிறார்கள், யார் யாரோ வந்து படுக்கிறார்கள். பதினோரு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் குடியிருக்கிறார்கள். ஆணையர் பேனாவை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"தெரியலைங் சார்" என்றேன். "கேட்டதே இல்ல."